பீரங்கி அடித்த நாட்கள்

ஆய்விதழிலிருந்து வந்த மதிப்பீட்டில் கடைசிக் கேள்வி மட்டும் ஒரே வரியில் தனியாக இருந்தது. "கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்ற பிப்ரவரியில் இதே மலைச்சரிவில் பனியில் புதைந்து இறந்தார் என்று அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பனிச்சரிவு உங்கள் பட்டியலில் ஏன் இல்லை?"

ஜொல்தொஷ் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மனசாட்சி கெட்டவன். செத்த பொண்ணைப் பத்தி இப்படியா கேக்கறது?"

"கேள்வி சரியாத்தானே இருக்கு பைகே," என்றான் கெர்மான்.

"நீ சும்மா இருடா. உன்னைக் கேட்டேனா?"

பிஷ்கெக்கில் அது அக்டோபர் கடைசி. பல்கலைக்கழகத்தில் இன்னும் வெப்பக் குழாய்களைத் திறந்துவிடவில்லை. மூவரும் மேல்கோட்டைக் கழற்றாமல், தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஜொல்தொஷ் புவியியல் புலத்தில் பனி ஆய்வுத் துறையின் தலைவர். அவரை எல்லோரும் அண்ணன் முறை வைத்து பைகே என்றுதான் கூப்பிடுவார்கள். கெர்மான் சோய் கணினிப் புலத்துக்காரன், கொரியக் குடும்பத்துப் பையன், நாக்கு கொஞ்சம் நீளம். மைரம் கணிதப் புலம், மற்றவர்களுக்கு எஜே, அதாவது அக்கா. மூன்று புலமும் சேர்ந்து செய்த இந்த ஆய்வில் மூவருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தவள் சிம்பத். ஜொல்தொஷின் ஆய்வு மாணவி. மலைக்கு ஏறிப் பனியில் குழி தோண்டியவளும் அவள்தான், இந்த மூன்று பேரும் சண்டை போடும்போது சம்சா வாங்கி வந்து நடுவில் வைத்தவளும் அவள்தான்.

அவர்கள் செய்தது ஒரு கணிப்பு நிரல். கரா-அஷூ கணவாயில் இன்று காலைப் பனி எவ்வளவு, காற்று எப்படி, குளிர் எப்படி என்று கொடுத்தால், சாலைக்கு மேலே இருக்கும் சரிவிலிருந்து இன்று பனி விழுமா விழாதா என்று அது சொல்லும். விழாது என்றால் பச்சை. விழும் என்றால் சிவப்பு. இந்தப் பனிக்காலத்தின் முதல் பனியிலிருந்து அதை லாரி ஓட்டுபவர்களின் கைபேசியில் கொடுக்கப்போவதாகச் சாலைத் துறை ஒப்புக்கொண்டிருந்தது. செயலிக்கு சிம்பத் என்றே பெயர். வருகிற சனிக்கிழமை அவள் வீட்டில் அவள் நினைவாக நடக்கும் அஷ் விருந்தில், சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கும்போது, அதை அறிவிப்பதாக ஏற்பாடு. ஆண்டு நிறைவுக்குத்தான் அஷ் கொடுப்பது வழக்கம். ஆனால் பிப்ரவரியில் தெற்கிலிருந்து உறவினர்கள் கணவாயைத் தாண்டி வர முடியாது என்பதால் குடும்பத்தார் முன்னாலேயே வைத்துக்கொண்டார்கள்.

"பதில் ஒண்ணும் பெரிய விஷயமில்ல," என்றார் ஜொல்தொஷ். "மனுஷன் தள்ளிவிட்ட சரிவு நம்ம பட்டியல்ல வராது. அவ சரிவுக்கு நடுவுல நடந்து போனா. அவ பாரத்துல பனி கிளம்புச்சு. விசாரணை அறிக்கையும் அதைத்தான் சொல்லுது. அதனால அதை நீக்கிட்டோம்னு எழுதிடு மைரம். உன் விதிமுறைதானே அது."

மைரம் தலையை ஆட்டினாள். உன் விதிமுறைதானே என்றது மட்டும் காதிலேயே நின்றது.

அவளுடையதுதான். சோவியத் காலத்தில் கணவாயில் ஒரு பனிக் காவல் நிலையம் இருந்தது. அங்கே இருந்தவர்கள் ஒவ்வொரு பனிக்காலத்திலும் நாள் தவறாமல் பனியையும் காற்றையும் குளிரையும் அளந்து குறித்தார்கள். எந்த நாளில் எந்தச் சரிவு விழுந்தது என்பதற்கு வேறொரு பட்டியல். அதில் பல சரிவுகளுக்கு எதிரே, பீரங்கியால் இறக்கியது என்று காட்ட ஒரு சின்ன எழுத்து இருக்கும். மேலே பனி மிரட்டினால் சாலையை மூடிவிட்டுக் கீழேயிருந்து சுட்டு, சரிவைத் தாங்களே விழவைத்துவிட்டு அப்புறம்தான் வண்டிகளை விடுவார்கள். நாடு உடைந்தபோது பீரங்கி போயிற்று, ஆட்களும் போனார்கள். குறிப்புகள் மட்டும் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. கணவாயில் இப்போது இருக்கும் தானியங்கிக் கருவியின் அளவுகளையும் அவற்றோடு சேர்த்துக்கொண்டார்கள்.

அட்டவணைகளைச் சுத்தம் செய்வது மைரத்துக்குப் பிடிக்கும். கணவன் போன பிறகு, மகள் மாஸ்கோவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட பிறகு, அவளுக்கு நிம்மதி தந்த ஒரே வேலை என்று அதைச் சொல்லலாம். சேராததை நீக்கினால் மிச்சம் இருப்பது பேசத் தொடங்கும் என்று அவள் நம்பினாள். பனி தானாக எப்போது விழும் என்பதுதானே கேள்வி? மனிதன் சுட்டு விழவைத்தது இயற்கையின் கணக்கில் வராது. பீரங்கிச் சரிவுகளை ஒரே கட்டளையில் நீக்கினாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. சரியான முறை என்று ஜொல்தொஷ்கூடத் தட்டிக்கொடுத்தார்.

பிப்ரவரியில் சிம்பத் இறந்த பிறகு விசாரணை அறிக்கையில் 'மனித பாரத்தால் தூண்டப்பட்டது' என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொற்களை மைரம் பற்றிக்கொண்டாள். அன்று காலை சிம்பத், சோதனையில் இருந்த நிரலைப் பார்த்துவிட்டு மலையடியிலிருந்து தொலைபேசியில் பேசியிருந்தாள். "எஜே, பச்சை! முழுப் பச்சை. குழி தோண்டிட்டு மத்தியானம் இறங்கிடுவேன்." மைரம், "போ, குல்லாவைக் கழட்டாதே," என்றாள். அவ்வளவுதான். பச்சை பொய்யாகவில்லை, பனி தானாக விழவில்லை, இளம்பெண்ணின் கால்தான் அதை எழுப்பிவிட்டது என்பது இத்தனை மாதமாக அவளைத் தூங்கவைத்தது. இதில் இருந்த கேவலம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. இறந்தவளின் எடையை அவள்மேலேயே சுமத்திவிட்டுத் தான் லேசாகிக்கொண்ட மாதிரிதான். ஆனால் தூக்கம் வந்தது.

"அப்ப நான் எழுதிடறேன்," என்றாள்.

பிற்பகலில் கட்டடம் காலியாகிவிட்டது. வேதியியல் புலத்தில் யாரோ முனைவர் பட்டத்துக்கு வாதாடி முடித்திருந்தார்கள். விருந்துக்கு எல்லோரும் போயிருந்தார்கள். மைரம் ஜன்னலோர மேசையில் கணினியைத் திறந்து பதிலை ஆரம்பித்தாள். 'அந்தச் சரிவு எங்கள் விதிமுறைப்படி நீக்கப்பட்டது.' சரி. சரிவை நீக்கினால் அந்த நாள் அட்டவணையில் எப்படித் தெரியும் என்று காட்ட வேண்டும். அந்தப் பிப்ரவரி நாளின் வரியைத் தேடி எடுத்தாள்.

வரி இருந்தது. பனி ஆழம் இருந்தது. முந்திய நாளின் காற்று இருந்தது. குளிர் இருந்தது. சரிவு என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தது.

ஒன்றும் நடக்காத நாள்.

அவள் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிம்பத் மூச்சுத்திணறி இறந்த நாள் அட்டவணையில் அமைதியான நாளாக இருந்தது. சரிவைத்தான் நீக்கினார்கள். நாளை நீக்கவில்லை. நாள் அங்கேயே நின்று, இப்படிப்பட்ட பனியில் ஒன்றும் ஆகாது என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்த எண்ணம் உடனே வரவில்லை. எழுந்து போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டாள். ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்தாள். திரும்பி வந்து உட்காரும்போதுதான் அது தோன்றியது.

பீரங்கி நாட்கள்.

அவற்றையும் அப்படித்தான் செய்திருந்தாள். சரிவுப் பட்டியலிலிருந்து அந்தச் சரிவுகள் போய்விட்டன. தினசரி அட்டவணையில் அந்த நாட்கள் அப்படியே நின்றன, எதிரே பூஜ்யத்தோடு. நிலையத்துக்காரர்கள் எந்த நாட்களில் சுட்டார்கள்? மிக அதிகமாகப் பயந்த நாட்களில். பனி ஆழமாக, காற்று சேர்த்துக் குவித்ததாக, அடியில் ஒட்டாததாக இருந்த நாட்களில். அந்த நாட்கள் எல்லாம் ஒன்றும் விழாத நாட்கள் என்று நிரலுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒரு குழந்தைக்குப் பாம்பைக் காட்டிக் கயிறு என்று சொல்லிக்கொடுப்பது போல, பல வருடத்துப் பாம்புகளை.

பழைய பட்டியலைத் தோண்டியெடுத்து, சின்ன எழுத்து போட்டிருந்த நாட்களை மட்டும் பிரித்து, நிரலிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பச்சை. பச்சை. பச்சை. சரிவு பெரிதாக இருந்த நாட்களில் பச்சை இன்னும் உறுதியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சிரித்துக்கொண்டே போனார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. மிகத் தெளிவாக, மிகக் குளிர்ச்சியாக ஒரு யோசனைதான் வந்தது: சிம்பத் பச்சையை மீறிப் போகவில்லை. சிம்பத்தைக் கொன்றது இந்தப் பச்சைதான்.

மறுநாள் காலை ஜொல்தொஷின் அறையில் அதைச் சொன்னாள். கெர்மானையும் கூப்பிட்டிருந்தாள். ஜொல்தொஷ் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது. பனியோடு வாழ்ந்தவர்; அவருக்கு மூன்றாவது வாக்கியம் தேவைப்படவில்லை. முகம் மட்டும் வெளிறிவிட்டது.

கெர்மான்தான் முதலில் பேசினான். "ரெண்டு அட்டவணையையும் சேர்த்தது நான் எஜே. எதிர இல்லாததுக்கெல்லாம் பூஜ்யம் போடுன்னு நான்தான் எழுதினேன். ஒரு வரி. பத்து நொடி யோசிக்கல." வழக்கமான கிண்டலை முயன்று பார்த்தான், வரவில்லை. "நிரல் நல்ல புள்ள. சொல்லிக்கொடுத்ததை அப்படியே படிச்சிருக்கு."

"திருத்தினா என்ன ஆகும்?" என்றார் ஜொல்தொஷ்.

"ராத்திரியே திருத்தி ஓட்டிப் பாத்துட்டேன். பனிக்காலத்துல பாதி நாள் சிவப்பு," என்றாள் மைரம்.

"பாதி நாளா?"

"பாதிக்கு மேல. பீரங்கி இருந்தவரைக்கும் அதைச் சமாளிச்சாங்க. இப்பப் பீரங்கி இல்ல. மலை மட்டும் அப்படியே இருக்கு."

ஜொல்தொஷ் ஜன்னல் பக்கம் போய் நின்றார். "பாதி நாள் சாலையை மூடுன்னு சொன்னா அவங்க இதைத் தூக்கிக் குப்பையில போடுவாங்க. தெற்குக்கு மாவு போகாது, இங்க நிலக்கரி வராது. யாரு கேப்பா?" திரும்பினார். "இந்த ஒரு பனிக்காலம் ஓடட்டும். வசந்தத்துல புது வடிவம்னு சொல்லி மெதுவா மாத்திடலாம்."

"வசந்தத்துல எதுக்கு பைகே? பனி உருகினப்புறமா?"

"மைரம், குத்திக் குத்திப் பேசாதே. இது இல்லாதப்பவும் அவனுங்க அந்தக் கணவாயில போயிட்டுத்தானே இருந்தாங்க?"

"பயந்துகிட்டே போனாங்க. மேல பாத்து, நின்னு, ஒருத்தரை ஒருத்தர் கேட்டுப் போனாங்க. நாம பச்சை காட்டினா பயப்படாம போவாங்க. அவ பயப்படாம போன மாதிரி."

அவர் ஜன்னலை விட்டு அவளருகே வந்தார். "அவளை யாரு தோண்டி எடுத்தா? நீயா? நான்தானே கம்பியைக் குத்திக் குத்தித் தேடினேன்? கம்பி அவ மேல பட்டப்ப எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? மண்ணுலயும் படற மாதிரி இல்ல, கல்லுலயும் படற மாதிரி இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ பேரு ஒண்ணுல நிக்கணும். அவ அப்பன்கிட்ட நான் வாக்கு கொடுத்திருக்கேன். நீ வேணும்னா கட்டுரையிலேருந்து உன் பேரை எடுத்துக்கோ. நான் தடுக்கல. ஆனா செயலி வர்றது நிக்காது."

மைரம் வெளியே வந்தாள். பெயரை எடுத்துக்கொண்டால் கை சுத்தமாகிவிடும். அவளுக்கு மிகவும் பழக்கமான வேலைதான்: சேராததை நீக்குவது. படிக்கட்டில் இறங்கும்போது தன்னைப் பற்றி அவளுக்கு ஒரு வெறுப்பு வந்தது, உடம்பு நாற்றம் மாதிரி, விலக முடியாத வெறுப்பு.

அன்றே ஆய்விதழுக்கு உண்மையை எழுதி அனுப்பினாள். கட்டுரை நின்றுவிடும், அதில் சந்தேகமில்லை. சாலைத் துறைக்கும் திருத்திய கணிப்போடு எழுதினாள். அந்த அதிகாரி தொலைபேசியில் மிகவும் மரியாதையாகப் பேசினார். "உங்க துறைத் தலைவர் சரின்னு சொல்றாரே, எஜே. உங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வாங்களேன். அப்புறம், இவ்வளவு சிவப்பை வெச்சுகிட்டு நாங்க என்ன பண்றது, சொல்லுங்க?"

மிச்சம் இருந்தது ஒரே இடம்தான். சிம்பத்தின் அப்பா ஷர்ஷென் கரா-அஷூவில் முப்பது வருடமாக லாரி ஓட்டுகிறவர். அந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் அதிகாரி சொன்னால் கேட்க மாட்டார்கள், ஷர்ஷென் சொன்னால் கேட்பார்கள். சாலைத் துறையும் அதைத் தெரிந்துதான் அவர் வீட்டு விருந்தில் அறிவிப்பதாக இருந்தது. இந்தப் பனியில் அந்தப் பச்சைக்குக் கீழே அவருடைய லாரியும் போகும்.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் மைரம் ஊருக்கு வெளியே இருந்த அவர் வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் பெரிய கொப்பரைகளில் பெண்கள் போர்சோக் பொரித்துக்கொண்டிருந்தார்கள். பொரித்த மாவின் வாசனை தெருவரை வந்தது. வேலியோரம் ஒரு பழுப்புக் குதிரை கட்டியிருந்தது. நாளை காலை அதை அறுப்பார்கள். ஷர்ஷென் அதற்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க முகாலிம்!" என்றார் ஷர்ஷென். சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லோருமே அவருக்கு முகாலிம்தான். "நாளைக்குத்தானே விருந்து? இன்னிக்கே பசி வந்துடுச்சா?"

"உங்ககிட்டத் தனியாப் பேசணும், ஷர்ஷென் பைகே."

"பேசுங்க. இதுக்குக் காது கேட்டாலும் யார்கிட்டயும் சொல்லாது. நாளைக்கு வரைக்கும்தான் அதுக்கு ஆயுசு." குதிரையின் கழுத்தைத் தட்டினார்.

வரும் வழியெல்லாம் அவள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். எல்லாம் போய்விட்டன. அட்டவணை என்றாள், பூஜ்யம் என்றாள், அவர் புருவம் சுருங்கியது. பிறகு நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "முன்னாடி பீரங்கி அடிச்சாங்களே, அந்த நாள்ல எல்லாம் ஒண்ணும் விழலைன்னு நாங்க கணக்குல எழுதிட்டோம். எது ரொம்ப ஆபத்தான பனியோ, அதைப் பாத்தா எங்க நிரல் பச்சைங்குது."

ஷர்ஷென் வாளியைக் கீழே வைத்தார்.

"எழுதிட்டோம்னா? யாரு?"

"நான்."

"என் பொண்ணு இல்லையே?"

"இல்ல. அவ வர்றதுக்கு முன்னாடியே நான் அதைச் செஞ்சு முடிச்சுட்டேன். அவ அதை நம்பினா. நானும் நம்பினேன். அன்னிக்குக் காலைல பச்சைன்னு என்கிட்டச் சொன்னா. போன்னு சொன்னேன்."

கொப்பரைப் பக்கமிருந்து ஒரு பெண், "எண்ணெய் பத்தலடி, சும்மா வாய் பாத்துகிட்டு நிக்கறியே!" என்று யாரையோ அதட்டினாள். குதிரை வாளியில் மூக்கை விட்டு உறிஞ்சியது. மைரம் அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தாள். ஒருவேளை அதற்காகத்தான் வந்திருக்கிறாளோ என்றும் தோன்றியது. அடித்தால் ஒன்று முடிந்த மாதிரி இருக்கும். அவர் அடிக்கவில்லை.

"எட்டு மாசமா," என்றார் மெதுவாக, "நான் அவளைத் திட்டிகிட்டு இருக்கேன் முகாலிம். யாருக்கும் தெரியாம. வண்டில தனியாப் போறப்ப. ஏன்டி முட்டாக் கழுதே, அப்பன் சொல்லியிருக்கேன்ல, சரிவுக்கு நடுவுல கால் வெக்காதேன்னு. படிச்ச திமிருடி உனக்குன்னு. அவ்வளவு திட்டியிருக்கேன்." கண்ணைத் துடைக்காமல் அவளைப் பார்த்தார். "அதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கே திங்கக்கிழமைதான் தெரியும்."

"தெரியலையா, தெரிஞ்சுக்கலையா?"

பதில் அவர் கேட்டதிலேயே இருந்தது.

"நாளைக்கு வாங்க," என்றார் அவர். "வராம இருக்காதீங்க. வந்து உட்காரணும் நீங்க."

அது மன்னிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை தெருவை அடைத்துக் கூடாரங்கள் போட்டிருந்தார்கள். தெற்கிலிருந்து வந்த உறவினர்கள், லாரிக்காரர்கள், பல்கலைக்கழகத்து ஆட்கள். கம்பளியால் மூடிய வட்டக் கூடாரமான யூர்த்தாவுக்குள்ளிருந்து சிம்பத்தின் அம்மா புலம்பிப் பாடுவது கேட்டது. அந்தக் குரல் உயரும்போது வெளியே கறி பரிமாறுகிறவர்களும் ஒரு கணம் நிற்பார்கள், பிறகு நடப்பார்கள். மைரம் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். தட்டில் வைத்த கறி ஆறிக் கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. எதிர்வரிசையில் ஜொல்தொஷ் அவள் பக்கமே திரும்பவில்லை. கெர்மான் மட்டும் ஒருமுறை தலையை ஆட்டினான்.

குர்ஆன் ஓதி முடிந்ததும் சாலைத் துறை அதிகாரி எழுந்தார். சிம்பத் என்ற ஒளி இனி ஒவ்வொரு ஓட்டுநரின் கையிலும் இருக்கும் என்று அழகாகப் பேசினார். சில பெண்கள் அழுதார்கள். கடைசியில், அப்பா தன் வாயால் வாழ்த்த வேண்டும் என்று ஷர்ஷெனை அழைத்தார்.

ஷர்ஷென் எழுந்தார். வாழ்த்துக்குக் கை விரிக்க வேண்டியவர் கையைத் தொங்கவிட்டபடியே நின்றார்.

"என் பொண்ணு பேரை அதுலேருந்து எடுத்துடுங்க," என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அதிகாரி சிரித்த முகத்தோடு அவர் பக்கம் குனிந்தார்.

"அது தப்பு சொல்லுது. என் பொண்ணுக்கும் தப்புத்தான் சொல்லுச்சு. தம்பிகளா, அது பச்சை காட்டினா போகாதீங்க. என்னை நம்புங்க." லாரிக்காரர்கள் பக்கம் திரும்பினார். "அவ பேரைச் சொல்லி ஒருத்தனும் அந்த மலையில ஏறக் கூடாது."

கூட்டத்தில் முணுமுணுப்பு. "பாவம், மனுஷன் ஒரு நிலைல இல்ல," என்று மைரத்தின் பக்கத்தில் ஒரு கிழவி சொன்னாள். அதிகாரி அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். ஜொல்தொஷ் எழுந்து கூட்டத்தை விட்டு வெளியே போனார். போகும்போது மைரத்தைத் தாண்டித்தான் போனார். "இப்ப நிம்மதியா?" என்று மட்டும் கேட்டார். நிம்மதி என்ற சொல் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று அவள் வியந்தாள்.

பெயரை எடுத்துவிட்டார்கள். அது சுலபமாகவே நடந்தது. இறந்தவளின் குடும்பம் வேண்டாம் என்றால் பெயர் எதற்கு? நவம்பரில் அதே செயலி 'நல்ல பாதை' என்ற பெயரில் வந்தது. அதே பச்சை, அதே சிவப்பு. கட்டுரை நின்றுபோனது. அடுத்த பருவத்துக்கு மைரத்தின் பாட நேரத்தைப் பாதியாக்கினார்கள். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கெர்மான் திருத்திய நிரலைத் தன் சொந்தப் பக்கத்தில் போட்டுவைத்தான். அதைத் தினமும் பார்த்தவர்கள் அவனும் மைரமும்தான். லாரிக்காரர்கள் ஷர்ஷெனிடம் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பச்சையைப் பார்த்துப் போனவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், வந்தார்கள், மறுபடி போனார்கள். ஒவ்வொரு பத்திரமான பயணமும் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைத்தியமாக்கிக் காட்டியது. எல்லாச் சிவப்பும் விழுவதில்லை. அதுதான் பனியின் கொடுமை. விழாத நாட்கள் எல்லாம் உண்மையைச் சொல்பவனுக்கு எதிரான சாட்சிகள்.

டிசம்பரில் மூன்று நாள் விடாமல் பனி பெய்து, பிறகு காற்று அடித்தது. காலையில் வகுப்புக்குப் போகும் முன் மைரம் இரண்டையும் பார்த்தாள். கெர்மானுடையது அடர்ந்த சிவப்பு. மற்றது பச்சை. நடைவழியில் மாணவர்கள் அவளைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அப்போது தொலைபேசி அடித்தது. ஷர்ஷென் இதுவரை அவளை அழைத்ததில்லை.

"கணவாய்க்குக் கீழ இருக்கேன்," என்றார். "உங்களுது என்ன சொல்லுது?"

"சிவப்பு, பைகே. அன்னிக்கு இருந்ததைவிட மோசம். ஏறாதீங்க."

"ஏறல. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திட்டேன்." இஞ்சின் உறுமும் சத்தம் கேட்டது, பிறகு யாரோ கத்துவது. ஷர்ஷென் யாருக்கோ பதில் கத்தினார்: "டேய் தாலாய், நில்லுடா! ஒரு நாள்தானே, நில்லு!" இளம் குரல் ஒன்று சிரித்தபடி, "அத்தா, பச்சை எரியுது, உங்களுக்குக் கண்ணு தெரியலையா? வாங்க, நான் முன்னாடி போய்ப் பாதை போடறேன்!" என்றது. நீளமாக ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இன்னொன்று. கனமான வண்டிகள் பனியை நசுக்கிக்கொண்டு தாண்டிப் போகும் ஓசை ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

"முகாலிம்," என்றார் ஷர்ஷென். குரல் மிகச் சாதாரணமாக இருந்தது. "போனை வெக்காதீங்க. கொஞ்ச நேரம் என்கூட இருங்க."

"இருக்கேன்," என்றாள்.

வகுப்பறைக் கதவிலிருந்து ஒரு மாணவி எட்டிப் பார்த்தாள். மைரம் கையைக் காட்டி அவளை உள்ளே போகச் சொன்னாள். சுவரில் சாய்ந்து நின்று, தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, மேலே ஏறிப்போகும் வண்டிகளின் சத்தம் குறைந்துகொண்டே போவதைக் கேட்டாள்.